எர்ஃபுர்ட்டில் முதல் வாரம்

பழைய ஊருக்குள் வீடு கிடைத்திருந்தால் பெட்டியை உருட்டிக்கொண்டு போகாதீர்கள். தெருவெல்லாம் கல் பாவியது. நான் வந்த அன்று பேராலயச் சதுக்கத்தில் ஒரு சக்கரம் கழன்று டிராம் தண்டவாளம் வரை ஓடியது. மிச்ச தூரம் 23 கிலோவும் தோளில்தான்.

ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தின் தலைநகர் என்றாலும் எர்ஃபுர்ட்டின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல்தான். குடிபுகுந்து 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டும் வேண்டும். தபால் பெட்டியில் உங்கள் பெயரை அன்றே ஒட்டிவிடுங்கள். வரி எண் தபாலில்தான் வரும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வது? கிரேமர்புரூக்கே போங்கள். 1325-இல் கல்லில் கட்டிய வணிகர் பாலம். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்பதால் பாலத்தில் நடக்கிறோம் என்றே தெரியாது. பக்கத்துச் சந்தில் இறங்கிக் கரையிலிருந்து பார்த்தால்தான் வளைவுகளும் கீழே ஓடும் கேரா ஆறும் தெரியும். ஒரு காலத்தில் 62 ஒடுக்கமான வீடுகள். சேர்த்துச் சேர்த்து இப்போது 32. அந்தக் கடைகளில் மிளகும் விற்றார்கள். நம் பக்கத்து மிளகு நமக்கு முன்பே இங்கே வந்துவிட்டது!

ஆனால் ஊரைப் பணக்கார ஊராக்கியது வைட் என்ற மஞ்சள் பூச்செடி. இலையை அரைத்து உருண்டை பிடித்து, காயவைத்து, சிறுநீர் ஊற்றிப் புளிக்கவைத்து நீலச் சாயம் எடுத்தார்கள். நாற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போர் ஒரு பக்கம் அடிக்க, இந்தியாவிலிருந்து வந்த அவுரிச் சாயம் மறுபக்கம் இந்தத் தொழிலைச் சாய்த்தது.

பழைய யூத ஆலயத்தையும் தவறவிடாதீர்கள். 1349-இல் இங்கிருந்த யூதர்களைக் கொன்று தீர்த்தார்கள். அப்போது ஒருவர் புதைத்துவைத்த வெள்ளிக்காசுகளும் ஒரு திருமண மோதிரமும் 1998-இல்தான் மண்ணிலிருந்து கிடைத்தன. ஆலயத்தின் நிலவறையில் அவை இருக்கின்றன. பாலத்தைப் பார்த்த அதே நாளில் போகாமல், இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

குழந்தைகள் இருந்தால் பேராலயத்துக்குப் பக்கத்தில் உள்ள வைட் கிடங்குக்குக் கூட்டிப் போங்கள். அது இப்போது பொம்மலாட்ட அரங்கு. ஜெர்மன் பாதி புரிந்தாலும் போதும்.