பழைய காருக்கு ஏற்ற கையுறை: தேர்ந்தெடுப்பதும் பழகுவதும்

பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரில் ஓட்டுநரின் கைகளுக்கு வேலை அதிகம். குறைந்த பலத்தில் சக்கரங்களைத் திருப்புவதற்காக அக்கார்களின் ஸ்டீயரிங் வளையத்தைப் பெரிதாக அமைத்தார்கள். ஆனால் கை பிடிக்கும் பகுதி மெல்லியதாக, மரத்தாலோ பேக்கலைட் போன்ற கெட்டியான பொருளாலோ ஆனதாக இருப்பதால், உள்ளங்கை வியர்த்தவுடன் வழுக்கத் தொடங்கிவிடும். கையுறை இந்த வழுக்கலைத் தடுப்பதற்கே, அழகெல்லாம் பிறகுதான்.

படி 1: கையை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் அதிகம் புழங்கும் கையின் கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல்கள் தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே அளவுநாடாவைச் சுற்றுங்கள். எட்டரை அங்குலம் வந்தால் பெரும்பாலும் 8½ என்ற அளவே பொருந்தும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் சிறியதையே வாங்குங்கள், ஏனெனில் தோல் நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும்.

படி 2: சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். உள்துணி வைக்காத, மெல்லிய ஆட்டுத்தோல் அல்லது மான்தோல் கையுறையே இதற்கு ஏற்றது. விரல் கணுக்களின் மேல் திறப்புகளும், மணிக்கட்டில் அழுத்துப் பொத்தானும், வெளிப்புறமாக அமைந்த தையலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தையல் உள்ளே இருந்தால், நெடுந்தொலைவு ஓட்டும்போது அது விரல் நுனிகளை உறுத்திக்கொண்டே இருக்கும். போட்டுக்கொண்டு கையை மூடும்போது உள்ளங்கையில் தோல் மடிந்து திரளக்கூடாது. கம்பளிக் கையுறை குளிருக்கு இதமாக இருந்தாலும் வளையத்தில் வழுக்கும் என்பதால், உள்ளங்கையில் தோல் வைத்துத் தைக்காதவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: வளையத்தைத் துடைத்து, காயவிட்டு, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பழைய வளையங்களில் விழுந்திருக்கும் வெடிப்புகள் கையுறையின் தையலைப் பிடித்து இழுக்கும். எனவே வெடிப்பைச் சரிசெய்த பிறகே கையுறை.

படி 4: கார் நிற்கும்போதே சற்றுப் பழகுங்கள். கையுறையுடன், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக், விளக்கு, வைப்பர் ஆகியவற்றின் பொத்தான்களைப் பார்க்காமலே தொட்டு அடையாளம் காணுங்கள். எது எதுவென்று விரலுக்குத் தெரியாவிட்டால் அந்தத் தோல் தடிமனானது. ஸ்டீயரிங்கை மட்டும் நின்ற நிலையில் திருப்பிப் பழக வேண்டாம், அது டயர்களுக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் வீண் பாரம்.

படி 5: மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது கட்டைவிரலில்தான். முன்சக்கரம் பள்ளத்திலோ கல்லிலோ மோதும்போது, பழைய கார்களில் அந்த அடி ஸ்டீயரிங் வளையம் வரை வந்து, அதைச் சட்டென்று சுழற்றிவிடக்கூடும். கட்டைவிரல் வளையத்தைச் சுற்றி உள்ளே இருந்தால், சுழலும் குறுக்குக் கம்பி அதைத் தாக்கும். கையுறை அந்த அடியைத் தாங்காது. ஆகவே கட்டைவிரலை மடக்காமல் வளையத்தின் மேலேயே படுக்க வையுங்கள். திருப்பம் முடிந்து வளையம் தானாக நேராகும்போது, வெறுங்கையில் வழுக்கிச் செல்வதுபோல் அது தோலில் செல்லாது என்பதால், ஒரு கை விட மறு கை வாங்குவதாக மாற்றி மாற்றி அதை நேராக்குங்கள்.

வழியில் பானெட்டைத் திறக்க நேர்ந்தால், முதலில் இந்தக் கையுறையைக் கழற்றிவிடுங்கள். உள்ளங்கையில் ஒரு துளி ஆயில் ஊறினாலும், வழுக்கலைத் தடுக்க வாங்கியதே வழுக்கும். பழுதுபார்ப்பதற்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்.

படி 6: வீடு திரும்பியதும், வியர்த்த கையுறையை அப்படியே டேஷ்போர்டு அறைக்குள் திணிக்காமல், விரல்களை நேராக்கி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் தோல் விறைத்துவிடும். நாள்பட்ட பிறகு உள்ளங்கைத் தோல் மெருகேறிப் பளபளக்கத் தொடங்கினால், ஈரத்துணியால் துடைத்து உலர்த்திப் பாருங்கள். அதன் பிறகும் பிடிமானம் திரும்பாவிட்டால் அந்த ஜோடியை ஓட்டுவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.