விண்டோஸ் 7-இல் ஓடும் ஸ்காடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (மில்லுக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் பகுதி) கம்ப்யூட்டரை ஆன் செய்தால், பல இடங்களில் இன்னும் விண்டோஸ் 7 தான் வருகிறது. “நல்லாத்தானே ஓடுது, ஏன் தொடணும்?” என்பார் முதலாளி. அதில் நியாயம் இருக்கிறது. பழைய ஸ்காடா, அதாவது பிளான்ட்டைத் திரையில் பார்த்து இயக்கும் மென்பொருள், பல சமயம் புது விண்டோஸில் ஏறாது. புதிதாக வாங்கினால் லைசன்ஸ் செலவு, ப்ராஜெக்டை மாற்றி எழுதும் கூலி, பிளான்ட் நிற்கும் நேரம் எல்லாம் சேரும். மில் மெயின்டெனன்ஸில் இருக்கும் நான் இதை எழுதுவது, உடனே மாற்ற முடியாதவர்களுக்காக.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, சாதாரண விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்தத் தேதிகளோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. ஆபத்து அதன்பின் மாதாமாதம் கூடுகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் புது விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கிறது. எதை மாற்றினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பவனுக்கு ஓட்டை இருந்த இடம் தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 7-இலும் இருந்தால் அடைக்க ஆளில்லை.

ஒரு பெரிய ஓட்டையை அடைக்க 2017 மார்ச் 14-இல் அப்டேட் வந்தது. மே 12-இல் அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் கிளம்பியது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். சென்னை அருகே ரெனோ-நிஸான் ஆலையும் பாதிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில், வைரஸ் சோதிக்காமல் இணைத்த ஒரு புது இயந்திரத்தால் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் அதே வகை வைரஸ் பரவியது. அப்போது அந்த அப்டேட் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் தொடும் முன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுங்கள். க்ளோன்ஜில்லா இலவசம், பென்டிரைவிலிருந்தே ஓடும். சில மென்பொருள்கள் லைசன்ஸை டிஸ்க்கில் ஒளித்து வைக்கும். இமேஜை வேறு டிஸ்க்கில் இறக்கினால் அது போய்விடலாம். ஆகவே ஒரு வார விடுமுறை நாளில் வேறு எஸ்எஸ்டியில் இறக்கி, அதை மாட்டி, ஸ்காடா திறந்து பிஎல்சியோடு (இயந்திரங்களை நேரடியாக இயக்கும் கன்ட்ரோலர்) பேசுகிறதா என்று பாருங்கள். பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. பிஎல்சி புரோகிராமையும் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் எத்தனை லேன் கேபிள் போகிறது என்று பாருங்கள். ஒன்று பிஎல்சிக்கு. இன்னொன்று இருந்தால் அநேகமாக ஆபீஸ் நெட்வொர்க்குக்கு, யாரோ ஈரப்பதத்தை மொபைலில் பார்க்க ஆசைப்பட்டிருப்பார். அதுதான் வாசல். பிஎல்சியோடு பேசப் பயன்படும் சாதாரண மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்டே கிடையாது. அது பேசும் 502-ஆம் போர்ட்டை எட்டியவன் செட்பாயின்ட்டை (வைக்க வேண்டிய ஈரப்பத அளவை) மாற்றலாம். கேபிளைப் பிடுங்குங்கள். ரிப்போர்ட் கட்டாயம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஃபயர்வால் வைத்து, இங்கிருந்து ஆபீஸில் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் போகவிடுங்கள், உள்ளே எதுவும் வரக் கூடாது. விண்டோஸின் சொந்த ஃபயர்வாலிலும் 445 (ஃபைல் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட் இரண்டையும் உள்வரும் பக்கம் மூடுங்கள். 135-ஐ மூடும்போது மட்டும் நிதானம்: ஸ்காடாவோடு டேட்டா பரிமாறும் பழைய ஓபிசி அதை நம்பித்தான் ஓடும்.

சர்வீஸ் இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க்கை எடுத்துவிடுங்கள். அவர் எல்லா மில்லிலும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. தேவைப்படும்போது அப்டேட் ஆன லேப்டாப் வழியாக வரட்டும், நம் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடலாம்.

ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பி சேமிப்பு டிரைவரின் ஸ்டார்ட் மதிப்பை 3-இலிருந்து 4 ஆக்கினால் பென்டிரைவ் ஏறாது. கீபோர்டு, மவுஸ் ஓடும். ஆனால் நைட் ஷிஃப்டில் சார்ஜுக்குச் சொருகும் மொபைலை இது தடுக்காது. முன்பக்கப் போர்ட்டையே மூடிவிட்டு, பக்கத்தில் ஒரு சார்ஜர் கொடுத்துவிடுங்கள். சண்டையும் மிச்சம்.

ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பழைய விண்டோஸை மென்பொருள்காரர்கள் கைவிட்டுக்கொண்டே வருகிறார்கள்: குரோமே 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசர் எதற்கு?

ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதலில் லேன் கேபிளைக் கழற்றுங்கள், பிஎல்சி பவரில் கை வைக்காதீர்கள். பொதுவாகக் கம்ப்யூட்டர் செத்தாலும் பிஎல்சி கடைசி செட்பாயின்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பேனல் ஸ்விட்ச்சில் சமாளிக்கலாம். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த உத்தரவு.

இவ்வளவும் மாற்றும் வரைக்கும்தான். மாற்றும்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பான விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 கேளுங்கள். அதற்கு 2032 ஜனவரி வரை அப்டேட் உண்டு. அதில் ஸ்காடாவின் எந்தப் பதிப்பு ஓடும், அந்தப் பதிப்புக்கு எந்தத் தேதி வரை ஆதரவு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.