கவரேஜ் போட்டால் மட்டும் விழும் டெஸ்ட்டுகள்

"ஏனுங்ணா, சும்மா ஓட்டுனா 58 டெஸ்ட்டும் பாஸ் ஆகுதுங்க. கவரேஜ் போட்டா மட்டும் 4 விழுகுதுங்க."

சரவணம்பட்டி ஆபீசில் பக்கத்து சீட்டுத் தம்பி வந்து நின்றான். டெஸ்ட் ஓடும்போது புரோகிராமின் எந்தெந்த வரிகள் ஓடின என்று கணக்கெடுப்பதுதான் கவரேஜ். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பில் போடும் சாப்ட்வேர் எங்களுடையது. பில்லை பிடிஎஃப் ஆக்க, பிரவுசரைப் புரோகிராமால் இயக்கும் பப்பட்டியர் வைத்துக் குரோமை ஓட்டுகிறோம். விழுந்த நாலும் அந்த இடத்து டெஸ்ட்டுகள்.

"டெஸ்ட்டைத் தொடாதே கண்ணு, எரரைப் படி" என்றேன். 'கவ்' என்று ஆரம்பித்து, ஓர் அண்டர்ஸ்கோர், பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த நீள வால். அந்தப் பெயர் டிஃபைன் ஆகவில்லையாம். நாங்கள் யாரும் எழுதாத பெயர் அது, சொருகியது இஸ்தான்புல் என்ற கவரேஜ் கருவி.

ஓவர்லாக் மெஷினில் இருப்பவர் பீஸ் முடிய முடிய நோட்டில் கோடு இழுப்பாரே, அந்த வேலைதான். ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டுக்கும் முன்னால் ஓர் எண்ணிக்கை வரியை இஸ்தான்புல் நுழைத்துவிடும். நோட்டு இருப்பது, டெஸ்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸுக்குள். பிரவுசருக்குள் ஓட்டச் சொல்லி பப்பட்டியரின் இவாலுவேட்டுக்குக் கொடுக்கிற ஃபங்ஷனோ வெறும் எழுத்தாக மாறிக் குரோமுக்குள் போய் ஓடுகிறது. எண்ணிக்கை வரி கூடவே போய்விடும், நோட்டு இங்கேயே கிடக்கும். கோடு இழுக்க நோட்டைத் தேடி, காணாமல் விழுகிறது.

இவாலுவேட்டின் அடைப்புக்குள்ளேயே, ஃபங்ஷனுக்கு நேர் முன்னால், 'இஸ்தான்புல் இக்னோர் நெக்ஸ்ட்' என்று சாய்கோடும் நட்சத்திரமும் வைத்து ஒரு கமெண்ட் போடுங்க. அந்த ஃபங்ஷனில் எதையும் சொருகாது. டைப்ஸ்கிரிப்ட் செட்டிங்கில் 'ரிமூவ் கமெண்ட்ஸ்' ஆன் ஆகியிருந்தால் கமெண்டே காணாமல் போகும். தம்பிக்கு அரைமணி நேரம் அதில்தான் போனது.

டெஸ்ட்டை ஓட்டும் கருவி ஜெஸ்ட் என்றால் இன்னொரு வழி: கவரேஜ் புரொவைடரை, இஸ்தான்புல் வழியாக எண்ணும் பேபலில் இருந்து, ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8க்கு மாற்றுவது. எண்ணுவது எஞ்சினே என்பதால் நாம் எழுதிய புரோகிராமில் கை வைக்காது. இந்த மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஓடும் வரியை நாம் எழுதிய வரியோடு பொருத்தும் சோர்ஸ் மேப் மட்டும் சரியாக இருக்கணும், இல்லையென்றால் ஓடாத வரியைக் காட்டும் சிவப்பு வேறெங்கோ விழும்.

டெஸ்ட் பாஸ், ரிப்போர்ட்டில் 0 என்றால் கதையே வேறு. சர்வரைத் தனி பிராசஸாகக் கிளப்பி, முடிந்ததும் பிராசஸை உடனே நிறுத்தும் 'சிக்கில்' சிக்னல் அனுப்பி அடித்துக் கொல்கிறீங்களா பாருங்க. எண்ணியதை டிஸ்கில் எழுதுவது பிராசஸ் வெளியேறும்போதுதான். சிக்கிலுக்கு அந்த அவகாசமே கிடையாது. நிறுத்தச் சொல்லிக் கேட்கும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பி, அதை சர்வர் புரோகிராமிலேயே பிடித்து சர்வரை மூடி, தானாக வெளியேற விடுங்க.

இஸ்தான்புல்லை கமாண்ட் லைனில் ஓட்டும் என்ஒய்சியும் பேபலின் இஸ்தான்புல் ப்ளக்இன்னும் ஒரே ப்ராஜெக்ட்டில் இருந்தால், எண்ணிக்கை வரியை இரண்டுமே சொருகப் பார்க்கும்; என்ஒய்சி பக்கம் இன்ஸ்ட்ருமென்ட், சோர்ஸ் மேப் இரண்டையும் 'ஃபால்ஸ்' ஆக்கணும். ஒரே துணிக்கு இரண்டு தையல் வேண்டாம். மாற்றிய பிறகு, முன்பு சேமித்து வைத்த கேஷ் (cache) ஃபைல்களையும் அழித்துவிடுங்க.

எங்கள் நாலு டெஸ்ட்டும் பாஸ் ஆனதும், ஜெஸ்ட் செட்டிங்கில் 'கலெக்ட் கவரேஜ் ஃப்ரம்' என்ற இடத்தில் சோர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் சேர்த்தோம். அது இல்லாதவரை டெஸ்ட்டில் லோடு ஆகாத ஃபைல் ரிப்போர்ட்டிலேயே வராது. சேர்த்ததும் சதவீதம் சர்ரென்று இறங்கியது. பில்லின் ஜிஎஸ்டியை ரவுண்ட் செய்யும் ஃபைல் 0இல் நிற்கிறது. தம்பி இப்போது அதற்குத்தான் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறான்.