ஃபிளைட் ஏறும் முன் பேங்குக்கு ஒரு நடை

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்புகிறவர்கள் எம்.சி. ரோட்டில் துணி எடுக்க இரண்டு நாள் ஒதுக்குவார்கள். பேங்குக்கு அரை மணி நேரம் கிடைக்காது. என் தம்பியும் அப்படித்தான் போனான். ஓடிபி வரும் சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்து நம்பரே போய்விட்டது. அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம் கணக்கிலேயே மாட்டிக்கொண்டது. சிம்மில் ரோமிங் ஆன் செய்துவிட்டு, ரீசார்ஜ் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

வேலைக்காக வெளிநாடு போனால் சாதாரண சேமிப்புக் கணக்கை ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும். வாடகை போன்ற உள்ளூர் வரவு அதில் விழும். வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதுதான் கடுப்பு. அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாகத் திறங்கள். வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம்.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் முதிர்வு வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது.

வீடு, மனை விவகாரம் இருந்தால் பவர் பத்திரத்தை இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். அங்கிருந்து எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட ஒருவர் அலைய வேண்டும்.