சீனச் செஸ்ட்நட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1904-ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளில், உண்ணத்தக்க கொட்டை தரும் செஸ்ட்நட் மரங்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிட்டது. அந்நோயைப் பெரிதும் தாங்கி நிற்பது சீனச் செஸ்ட்நட் என்பதால், அங்கே குடும்ப நிலம் வைத்திருப்போர் பலர் அதை விரும்பி நடுகின்றனர். நோயைத் தாங்கும் மரம் எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்று நம்புவதில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

ஓடையோரத் தாழ்நிலம் வளமாகத் தோன்றினாலும், நீர் தேங்கும் களிமண்ணில் இதன் வேர் அழுகிவிடும்; அங்கே தங்கும் குளிர்காற்றில் வசந்தகாலப் பின்பனி இளந்துளிர்களைக் கருக்கும். ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அவ்விடத்தைக் கைவிட்டு, மேட்டுச் சரிவைத் தேடுவதே நல்லது. பழக்கத்தின் காரணமாகச் சுண்ணாம்பு இடுவதும் கூடாது. இம்மரம் விரும்புவது 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை (pH) கொண்ட, அதாவது சற்று அமிலத்தன்மையுள்ள மண்; சுண்ணாம்பு அந்த அமிலத்தன்மையைக் குறைத்துவிடும்.

ஒற்றை மரம் நடுவது மிகுந்த ஏமாற்றத்தைத் தரும் தவறு. தன் மகரந்தத்தால் காய்க்காத மரம் இது. பூத்துக் குலுங்கும், முள்ளுறைகளும் உருவாகும், ஆனால் பிளந்து பார்த்தால் உள்ளே தட்டையான வெற்றுத் தோல்தான் இருக்கும். மரபு வேறுபட்ட இரண்டு மரங்களாவது, கூடுமானவரை 60 மீட்டருக்குள், தேவை. ஒரே ஒட்டு ரகத்தில் பத்து மரங்களை நட்டாலும் பயனில்லை. பெரிய கொட்டைக்கு ஆசைப்பட்டு, நோய்க்கு எளிதில் இரையாகும் கொலோசல் என்ற ஐரோப்பிய-ஜப்பானியக் கலப்பினத்தைக் கிழக்கு மாநிலங்களில் நடுவதையும் தவிர்க்க வேண்டும்.

கன்றுகளை மான்கள் மேயாதிருக்க ஐந்தடி உயரக் காப்புக் குழாய் அவசியம்.

பல ஆண்டு உழைப்பு அறுவடையின்போதுதான் கண்ணெதிரே வீணாகிறது. செஸ்ட்நட்டில் ஏறத்தாழ பாதி நீர்; வால்நட்டைப் போல வெளியில் காய வைத்தால் கல்லாக இறுகும், ஈரத்தோடு குவித்தால் பூசணம் பிடிக்கும். உதிர்ந்தவற்றைத் தரையில் விட்டால், கொட்டைக்குள் வளரும் கூன்வண்டின் புழு ஓட்டில் வட்டத் துளையிட்டு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து, பின்னாளில் வண்டாக மீண்டும் வரும். ஆகவே அன்றாடம் பொறுக்கி, உள்ளிருக்கும் புழு சாக 49 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மேலீரம் உலர்ந்தபின் துளையிட்ட பைகளில் இட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.