பழைய மடிக்கணினியில் உபுண்டு ஸ்டூடியோ: வீட்டில் பாட்டுப் பதிவு செய்வோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பஜனைக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்துவந்த மடிக்கணினி விண்டோஸ் 10-இல் ஓடியது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதும் இல்லை. புதிய கணினிக்குச் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக் வாங்கிக்கொண்டு கணினியை லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாற்றுவதே மேல் என்று முடிவு செய்தேன். லினக்ஸின் ஒரு வகையான, ஒலிப்பதிவு போன்ற பணிகளுக்கென்றே அமைக்கப்பட்ட உபுண்டு ஸ்டூடியோ இலவசம். ஆர்டர் (Ardour), ஆடாசிட்டி ஆகிய ஒலிப்பதிவு மென்பொருள்கள் அதனுடனேயே வருகின்றன.

முதலில் செய்ய வேண்டியது நிறுவுவதன்று, சோதிப்பது. வேறொரு கணினியில் உபுண்டு ஸ்டூடியோவின் நீண்டகால ஆதரவுப் (LTS) பதிப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்னும் மென்பொருளைக் கொண்டு 16 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அதிலுள்ள பழைய கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். கணினியை முடுக்கும்போது எஃப் 12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் (எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும்) பென் டிரைவிலிருந்தே தொடங்கும் வழி கிடைக்கும். அங்கே நிறுவாமல் முயன்று பார்க்கும் தெரிவை எடுத்தால், வன்தட்டைத் தொடாமலேயே முழு அமைப்பும் ஓடும். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகி, மைக்கில் ஒரு பல்லவியைப் பாடி, பதிந்ததைத் திரும்பக் கேளுங்கள். தனி டிரைவர் இல்லாமலே இயங்கும் பொதுத்தர யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸாக இருந்தால் பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்யும். அது வேலை செய்யாவிட்டால் மாற்றும் எண்ணத்தை அன்றே விட்டுவிடலாம். விண்டோஸுக்கென விலை கொடுத்து வாங்கிய பிளகின்கள் (ஒலி மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) இங்கே நேரடியாக ஓடமாட்டா என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

சோதனை தேறியதும், கணினியின் வட்டு கழற்றக்கூடியதாக இருந்தால், பழைய வட்டை அப்படியே கழற்றி உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் நிறுவுவதே என் பரிந்துரை. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளலாம்தான். அதற்கு விண்டோஸிலிருந்தே அதன் வட்டுப் பிரிவைச் சுருக்கி, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்து, விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தையும் (Fast Startup) நிறுத்த வேண்டும். எதைச் செய்தாலும் பழைய பதிவுகளுக்கு முதலில் வேறொரு வட்டில் நகல் எடுங்கள். நிறுவும் நாளில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது, பேட்டரியும் முழுதாக ஏறியிருக்கட்டும்.

நிறுவியபின் கவனம் முழுவதும் பஃபரின் மீது, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் (சாம்பிள்) எண்ணிக்கையின் மீது இருக்க வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் என்றால் 5.3 மில்லிநொடி, உள்ளே வரவும் வெளியே போகவுமாக அது ஏறத்தாழ 10.7 ஆகிறது. ஒலி காற்றில் அந்நேரத்தில் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் கடக்கும், அதாவது மிருதங்கக்காரர் கூடத்தின் மறு கோடியில் அமர்ந்து வாசிப்பது போன்ற தாமதம். தாளத்தோடு பாடுபவருக்கு இது உறுத்தினால் 128-க்குக் குறையுங்கள். குறைத்தபின் பதிவில் படபடவென்று வெடிப்பொலி கேட்டால், அல்லது ஆர்டரில் எக்ஸ்ரன் (ஒலியை நேரத்துக்குள் கையாள முடியாமல் விட்டுப்போன தடவைகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். வைஃபையை அணைத்து, செயலியை முழுத்திறன் நிலையில் வைத்துப் பார்த்தும் அடங்காவிட்டால் 256-க்கே திரும்புங்கள். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் பாடகரின் குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். கலவைப் பணியின்போது (மிக்சிங்) தாமதம் பொருட்டில்லை என்பதால் 1024 வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவை 24 பிட்டில் வையுங்கள். ஒரு மைக்குக்கு நிமிடத்திற்குச் சுமார் 8.6 எம்பி, ஒரு மணிநேரத்திற்கு அரை ஜிபி ஆகும். உச்சக் குரலும் மென்பொருளின் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்தே பதியலாம்.

இரைச்சலைப் பற்றி ஒன்று. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் செருகியிருக்கும்போது அடித்தொனியில் ஓர் ஊமை ரீங்காரம் கேட்டால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியிலேயே பதிந்து பாருங்கள். யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ்கள் பல கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்பவை. மின்வெட்டு நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து அடங்கிவிடுவதால், எங்களுடைய மிகத் தெளிவான பதிவுகள் சில அந்த இருட்டில்தான் கிடைத்தன.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியபின் புதுப்பிப்புகளை உங்கள் வசதிக்கேற்ற நாளில் மட்டும் செய்யுங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் அதற்கு உரிய வாரமன்று.