மேசியா தீர்க்கதரிசனங்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்திலிருந்து என் குமாரனை அழைத்தேன் என்கிற ஓசியா 11:1-ஐ மத்தேயு குழந்தை இயேசுவோடு சேர்த்துச் சொல்கிறார். அதைப் பார்த்ததும், ஓசியா எதிர்காலத்தைக் கணித்துச் சொன்னார் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓசியாவைத் திறந்தால், கடவுள் அங்கே நடந்து முடிந்ததைச் சொல்கிறார்: இஸ்ரவேல் சிறுபிள்ளையாக இருந்தது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அதை வெளியே கொண்டுவந்தேன் என்கிறார். அடுத்த வசனத்திலேயே அந்த மகன் பாகால்கள் என்ற அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடுகிறான். இதை இயேசுவைப் பற்றிய நேரடி முன்னறிவிப்பு என்று பிடிவாதம் பிடித்தால், அந்த இரண்டாம் வசனத்தை என்ன செய்வது?

மத்தேயுவுக்கு இது தெரியாதா என்ன? அவர் காட்ட நினைப்பது வேறு. இயேசு இஸ்ரவேலின் வழியில் மறுபடியும் நடக்கிறார்: எகிப்து, தண்ணீர், வனாந்தரம். 40 வருஷத்துக்குப் பதில் 40 நாள். சோதனைக்காரனுக்கு அவர் சொல்லும் மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் உள்ளவை. வனாந்தரத்தில் இஸ்ரவேல் தவறிய இடங்களைப் பேசுகிறவை. இஸ்ரவேல் விழுந்த இடத்தில் இந்த மகன் நிற்கிறார். ‘நிறைவேறுதல்’ என்று மத்தேயு சொல்வதன் ஆழம் இதுதான். கணித்தது பலித்தது என்று மட்டும் வாசித்தால் இவ்வளவும் கைநழுவிப் போகிறது.

ஒரு பெண் குமாரனைப் பெற்று அவனுக்கு இம்மானுவேல் என்று பேரிடுவாள் என்கிற ஏசாயா 7:14-ஐயும் இப்படித்தான் தனியே கிள்ளி எடுக்கிறோம். கி.மு. 734 வாக்கில் தமஸ்குவின் ரேத்சீனும் சமாரியாவின் பெக்காவும் எருசலேமை நெருக்குகிறார்கள், யூதாவின் ஆகாஸ் ராஜா நடுங்குகிறான். இம்மானுவேல், அதாவது ‘கடவுள் நம்மோடு’ என்ற அடையாளம் முதலில் அவனுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. அந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியும் முன்பே இரு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்று 16-ஆம் வசனம் சொல்கிறது. கி.மு. 732-ல் அசீரியாவிடம் தமஸ்கு விழுந்தது. பத்து வருஷம் கழித்துச் சமாரியாவும் போனது. ஆகாஸை அழித்துவிட்டுக் கிறிஸ்துமஸ் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பயந்த ராஜாவிடம் ‘கடவுள் நம்மோடு’ என்று சொல்லப்பட்டதால்தான், அந்த வார்த்தையைப் பின்னாளில் மத்தேயுவால் இவ்வளவு கனமாக எடுத்தாள முடிகிறது.

அடுத்து, மற்றவர்களுக்காகப் பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயா 53. புனித வெள்ளியன்று நாம் கண்ணீரோடு வாசிக்கிற அதிகாரம். இதைச் சுற்றித்தான் மனதை நோகடிக்கிற பொய்களும் உலவுகின்றன. யூதர்கள் இதை மறைத்துவிட்டார்கள், அவர்களுக்கு இது ‘தடை செய்யப்பட்ட அதிகாரம்’ என்கிறார்கள். அப்படியில்லை. எந்த யூத வேதாகமத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஜெப ஆலயத்தின் ஓய்வுநாள் வாசிப்பு வரிசையில் அது வராது என்பது உண்மை; தீர்க்கதரிசன நூல்களின் பெரும்பகுதியும்தான் அதில் வராது. சாக்கடலின் கரையிலுள்ள கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தையது, அதிலும் இந்த அதிகாரம் முழுசாக இருக்கிறது. அதைப் பாதுகாத்துக் கொடுத்தவர்கள் யூதர்கள்.

பாடுபடும் தாசன் இஸ்ரவேல் ஜனம்தான் என்ற விளக்கத்தை 11-ஆம் நூற்றாண்டின் யூத வேத விளக்கவுரையாளர் ராஷி கண்டுபிடித்தார் என்பதும் தவறு. 3-ஆம் நூற்றாண்டிலேயே, யூத அறிஞர்கள் தன்னிடம் இப்படி வாதிட்டதாக கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதி வைத்திருக்கிறார். ஏசாயா 41:8-லும் 49:3-லும் தாசன் இஸ்ரவேல்தான். ஆனால் 49:6-ல் அதே தாசன் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவர அனுப்பப்படுகிறான். பழைய அரமேய விளக்கமான தர்கூமும் இந்தத் தாசனை மேசியா என்கிறது. ஆனால் பாடுகளை அவர்மேல் வைக்காமல் மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. தாசன் யார் என்ற கேள்வி உண்மையிலேயே திறந்திருக்கிறது. எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவிடம் இதையேதான் கேட்டார்: தீர்க்கதரிசி தன்னைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா? பிலிப்பு அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

தானியேல் 9-இன் எழுபது வாரங்களை (வாரத்துக்கு ஏழு வருஷம் என்று) எண்ணி, மேசியா வரும் காலத்தைக் கணக்குப் போடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒருவர் கி.மு. 458-இல் தொடங்குகிறார், இன்னொருவர் 445-இல்; வருஷத்துக்கு 360 நாள் என்றும் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். விடையை முதலில் முடிவு செய்துவிட்டுத் தொடக்கத்தைத் தேடினால் கணக்கு எப்படியும் சரியாகத்தான் வரும்.

மீட்பைப் பாவமன்னிப்பாக மட்டும் சுருக்குவது இன்னொரு பெரிய இழப்பு. லேவியராகமம் 25-இல் மீட்பவன் என்றால், வறுமையால் விற்கப்பட்ட நிலத்தையும் ஆளையும் பணம் கொடுத்துத் திருப்புகிற உறவினன். விதவையான ரூத்துக்குப் போவாஸ் அப்படித்தான் வருகிறான். சிலுவை மரணத்துக்குப் பின் எம்மாவு கிராமத்துக்குப் போன சீஷர்கள் இயேசு இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம் என்று சொன்னபோது, அவர்கள் மனதில் இந்த அர்த்தமெல்லாம் இருந்தது. பாவமும் இதில் அடங்கும், ஆனால் நிலமும் வீடும் சுதந்திரமும் சேர்ந்தே வருகின்றன.

சரி, எங்கே தொடங்குவது? ஏசாயா 40 முதல் 55 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பாபிலோனில் வீடிழந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதாகவே முதலில் கேளுங்கள். 45:1-இல் அந்நிய ராஜாவான பெர்சியாவின் கோரேசையே கர்த்தர் தம்முடைய அபிஷேகம் பெற்றவன், அதாவது ‘மேசியா’ என்ற அதே சொல்லால், அழைக்கிறார். அதைத் தாண்டிப் போகாமல் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் 53-க்கு வாருங்கள்.